கட்டும் பல்லுக்கு எந்தப் பொருள்? இம்ப்ளாண்ட், கேப், பல் செட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் போன இடத்தில் புதிய பல் கட்டிக்கொள்ள வருகிறவர்களின் கையில் இப்போதெல்லாம் நான்கைந்து பெயர்களும் அவற்றுக்கு நேரே நான்கைந்து விலைகளும் எழுதிய ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. டைட்டானியம், ஜிர்கோனியா, டி.எம்.எல்.எஸ்., பி.எஃப்.எம்., அக்ரிலிக் என்று நீளும் அந்தப் பட்டியலில் எது எலும்புக்குள் போவது, எது வெளியே தெரிவது, எது சில ஆண்டுகள் கழித்து மாற்ற வேண்டியது என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதில்லை. சிகிச்சை அறையில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எலும்பையும் ஈறையும் கடிக்கும் விதத்தையும் நேரில் பார்க்காமல் எவரும் முடிவு சொல்ல முடியாது. ஆகவே மருத்துவரிடம் பேசப் போகுமுன் படித்துக்கொள்வதற்கான பக்கமாக இதைக் கொள்ளவும்.

இம்ப்ளாண்ட் பல் எந்தப் பொருளால் ஆனது?

ஒரே பொருளால் ஆனதன்று. தாடை எலும்புக்குள் புதைந்து பல்லின் வேர் செய்த வேலையைச் செய்யும் திருகு ஒன்று. அந்தத் திருகின் தலையிலிருந்து ஈறைத் தாண்டி மேலே வரும் சிறிய தூண் ஒன்று, இதை அபட்மெண்ட் என்கிறார்கள். அந்தத் தூணின்மேல் அமரும் பல் வடிவக் கேப் ஒன்று. தூணைத் திருகோடு பிணைக்கும் மெல்லிய மரையாணி ஒன்று. இம்ப்ளாண்ட் என்ற சொல் சரியாகச் சொன்னால் முதலாவதை மட்டுமே குறிக்கும். ஆனால் பேச்சில் நான்கையும் சேர்த்தே அப்படிச் சொல்லிவிடுவதால், ‘ஜிர்கோனியா இம்ப்ளாண்ட் வைத்திருக்கிறேன்’ என்று சொல்கிற பலருக்கும் எலும்பில் இருப்பது டைட்டானியமாகவும் மேலே இருக்கும் கேப் மட்டும் ஜிர்கோனியாவாகவும் இருக்கிறது.

இந்த நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. திருகு உயிருள்ள எலும்போடு ஒட்ட வேண்டும்; தூணின்மேல் ஈறு அமைதியாகப் படிந்திருக்க வேண்டும்; கேப்போ எதிர்ப்பல்லின் அடியையும் கொதிக்கும் காபியையும் தாங்க வேண்டும். எனவே விலைத் தாளைப் பார்க்கும்போது ஒவ்வொரு பாகமும் எந்தப் பொருள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, என் அளவில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: உடைய நேர்ந்தால் முதலில் உடையப் போவது, எளிதிலும் குறைந்த செலவிலும் மாற்றக்கூடிய பாகமாக இருக்கிறதா? கேப் உடைந்தால் இரண்டு வாரத்தில் வேறொன்று செய்துவிடலாம். எலும்புக்குள் இருக்கும் திருகு உடைந்தால் எலும்பைக் குடைந்துதான் அதை எடுக்க வேண்டும்.

எலும்புக்குள் வைக்க டைட்டானியத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இது முயலின் எலும்பிலிருந்து தொடங்கிய கதை. பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தாலான சிறு குழல்களை முயல்களின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் விலையுயர்ந்த அந்தக் குழல்களை எடுத்து மீண்டும் பயன்படுத்த நினைத்தபோது, எலும்பு அவற்றைப் பற்றிக்கொண்டு விட மறுத்தது. பல் மருத்துவரல்லாத அவர் அந்தத் தோல்வியையே ஆராயத் தொடங்கி, 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் திருகுகள் உழைத்தன.

காரணம் உலோகத்தைவிட அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. காற்றோ ஈரமோ பட்ட உடனே டைட்டானியத்தின்மீது சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உண்டாகிறது. சுரண்டினாலும் மறுகணம் தானே உருவாகிவிடும் அந்தப் படலத்தைத்தான் எலும்பு செல்கள் சந்திக்கின்றன, உலோகத்தை அன்று. அது கரைவதில்லை, துருப்பிடிப்பதில்லை, உடலைச் சீண்டுவதில்லை. இரண்டாவது காரணம் விறைப்பு. கடிக்கும்போது எலும்பு மிகச் சிறிதளவு வளைகிறது. டைட்டானியம் எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது என்றாலும், கோபால்ட்-குரோமியமும் ஜிர்கோனியாவும் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பானவை.

மேற்பரப்பு வழவழப்பாக இருந்த அந்தக் காலத்தில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருந்த பிறகே கேப் வைத்தார்கள். இப்போது துகள்களைப் பீய்ச்சியடித்தும் அமிலத்தில் அரித்தும் ஓரிரு மைக்ரோமீட்டர் அளவுக்குச் சொரசொரப்பாக்கிய திருகுகளே வழக்கம். எலும்பு நன்றாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரங்களில் கேப் வைக்க முடிகிறது. திருகின் மேற்பரப்பு எந்த முறையில் செய்யப்பட்டது என்று மருத்துவரிடம் கேட்பது தவறில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் மேற்பரப்புக்குச் சூட்டும் அலங்காரப் பெயர்களுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டுமா என்பது எனக்கு ஐயமே.

டைட்டானியத்தில் கிரேடு 4, கிரேடு 5 என்பவை தர வரிசையா?

இல்லை. பள்ளித் தேர்வு மதிப்பெண்போல ஐந்து நான்கைவிட உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1 முதல் 4 வரையுள்ளவை தூய டைட்டானியம். ஆக்சிஜன், இரும்பு ஆகியவற்றின் சிறிய அளவு ஏற ஏற வலிமையும் ஏறுகிறது. கிரேடு 5 என்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கலவை. இது தூய கிரேடு 4ஐவிட வெகுவாக வலிமையானது. இழுவிசைக் கணக்கில் கிரேடு 4க்குக் குறைந்தபட்சம் 550 மெகாபாஸ்கல் என்றால் இதற்கு 860க்கு மேல். அபட்மெண்டுகளும் மரையாணிகளும் பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகின்றன. எலும்புக்குள் போகும் திருகையும் பல நிறுவனங்கள் இதிலேயே செய்கின்றன.

அலுமினியமும் வனேடியமும் உடலுக்குள் கசியுமே என்று அஞ்சுகிறவர்கள் கிரேடு 4ஐக் கேட்டுப் பெறலாம். போதிய அகலமுள்ள எலும்பில் அது தாராளமாகப் போதும். எலும்பு ஒடுங்கியிருந்து 3.3 மி.மீ. அளவிலான மெல்லிய திருகைத்தான் வைக்க முடியும் என்றால் மட்டும் வலிமைக் கணக்கு முன்னுக்கு வருகிறது. அப்படிப்பட்ட இடங்களுக்காக, வனேடியம் இல்லாமல் சுமார் 15 சதவீதம் ஜிர்கோனியம் சேர்த்த டைட்டானியக் கலவை ஒன்றும் கிடைக்கிறது. விலை கூடுதல், தேவையான இடத்தில் அது கொடுக்கத் தகுந்த விலை.

ஜிர்கோனியா உலோகமா, பீங்கானா?

ஜிர்கோனியம் உலோகம், ஜிர்கோனியா அதன் ஆக்சைடு, அதாவது பீங்கான் வகை. ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் 1789இல் ஜிர்கோனியத்தை இனங்கண்டது இலங்கையிலிருந்து சென்ற ஜிர்கான் கல்லில். டைட்டானியத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியவரும் அவரே, 1795இல். இந்த இரண்டின் தாதுக்களும் நம் கடற்கரையில் ஒரே மணலில் கலந்து கிடக்கின்றன என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை: கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அள்ளும் கருமணலிலிருந்து டைட்டானியத் தாதுவான இல்மனைட்டையும் ஜிர்கானையும் பிரித்தெடுக்கிறார்கள். அங்கே ஒன்றாகக் கிடப்பவை பல் மருத்துவத்தில் போட்டியாளர்களாக நிற்கின்றன.

பீங்கான் என்றால் கீழே விழுந்ததும் சிதறுமே என்று தோன்றும். ஜிர்கோனியாவை அந்தக் குணத்திலிருந்து காப்பாற்றுவது அதில் சிறிதளவு சேர்க்கப்படும் இட்ரியா, அதாவது இட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. அதன் படிகங்கள் அமுக்கி வைத்த வில்போல ஒருவித நெருக்கடி நிலையில் நிற்கின்றன. விரிசல் ஒன்று ஓடத் தொடங்கினால் அதன் முனையிலுள்ள படிகங்கள் வடிவம் மாறிப் பருக்கின்றன, அந்தப் பருமன் விரிசலை நெருக்கி நிறுத்திவிடுகிறது. ஆனால் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்போது விரிசல் எதுவும் இல்லாமலே மேற்பரப்பில் இந்த மாற்றம் மெல்ல நடக்கக்கூடும். இடுப்பு மூட்டுக்காகச் செய்யப்பட்ட ஜிர்கோனியாக் குமிழ்களில் குறிப்பிட்ட சில தொகுப்புகள் உடைந்ததால் 2001இல் அவை திரும்பப் பெறப்பட்டன. பொருள் ஒன்றேயானாலும் சூளையில் சுடும் முறை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. பல்லுக்கும் இது பொருந்தும்.

உலோகமே வேண்டாம் என்று ஜிர்கோனியாத் திருகு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எலும்பு அதனோடும் ஒட்டுகிறது, ஈறும் அதை விரும்புகிறது, அழுக்குப் படிவதும் குறைவு. மேல் முன்பல் இடத்தில் ஈறு காகிதம்போல மெல்லியதாக இருந்தால், டைட்டானியத்தின் சாம்பல் நிறம் ஊடுருவித் தெரியும். அந்தக் குறை இதற்கில்லை.

மறுபக்கத்தைப் பார்ப்போம். நெடுநாள் பழக்கமுள்ளவை பெரும்பாலும் திருகும் தூணும் ஒரே துண்டாக அமைந்த வகைகள். ஒரே துண்டென்றால் வைத்த அன்றிலிருந்தே தூண் வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எலும்பு பிடிக்கும் வரை நாக்கும் சோறும் அதன்மேல் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்வாக வைக்க நேர்ந்தால் திருத்த இடமில்லை. தேய்த்துச் சரிசெய்தால் வலிமை குறையும். இரண்டு துண்டாக வருபவை புதியவை; அவற்றுக்கு டைட்டானியத்துக்கு இருப்பதுபோல அரை நூற்றாண்டு அனுபவம் இல்லை. டைட்டானியத்துக்குப் பத்தாண்டுக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை நிலைப்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. 1970களில் அலுமினா என்ற பீங்கானில் செய்த இம்ப்ளாண்டுகளும் இதே நம்பிக்கையோடுதான் வந்தன; உடைந்துபோன காரணத்தால் அவை வழக்கொழிந்தன. ஜிர்கோனியா அதைவிடப் பன்மடங்கு மேலான பொருள்தான். ஆனாலும் மெல்லிய திருகாகவும், இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறவருக்கும், கடைவாய்ப் பல் இடத்திலும் அதை வைக்கத் துணிய மாட்டேன், ஏனென்றால் உடைந்தால் அது எலும்புக்குள் உடையும்.

டைட்டானியம் ஒவ்வாமை தருமா? ஸ்கேன் எடுக்க முடியுமா?

உண்மையான டைட்டானிய ஒவ்வாமை மிக அரிது. எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை, டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை, படத்தில் தாடைப் பகுதி மட்டும் சற்றுக் கலங்கலாக விழலாம். பல் செட்டைப் பிடித்து வைக்கக் காந்தம் பொருத்தியிருந்தால் அது வேறு விஷயம். ஸ்கேன் அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமையில் கவலைப்பட வேண்டிய உலோகம் நிக்கல். கவரிங் கம்மல் போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர்களுக்கும், கைக்கடிகாரப் பட்டையின் கொக்கி பட்ட இடம் தடிப்பவர்களுக்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். அப்படிப்பட்டவர்கள் இம்ப்ளாண்டைப் பற்றி அஞ்சத் தேவையில்லை. கேப்புக்கு அடியில் வரும் உலோகத்தைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். விலை குறைந்த உலோகக் கேப்புகள் நிக்கல்-குரோமியத்தில் வார்க்கப்படுகின்றன.

நடுவிலுள்ள தூணைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

உண்மைதான், விலைத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருப்பதில்லை. ஆனால் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் கை வைக்கும் இடம் இதுவே. திருகு நிறுவனத்தார் கடைந்து தரும் டைட்டானியத் தூண், திருகின் உட்குழியோடு மைக்ரோமீட்டர் கணக்கில் பொருந்தும். அதற்குப் பதிலாக, பிளாஸ்டிக் அச்சை வாங்கிப் பல் ஆய்வகத்தில் நிக்கல்-குரோமியத்தில் வார்த்தெடுக்கும் தூண் மலிவு. ஆனால் பொருத்தம் கடைந்தெடுத்ததற்கு ஈடாவதில்லை. இடைவெளியில் கிருமி குடியேறும், மரையாணி அடிக்கடி தளரும், வேறு உலோகம் டைட்டானியத்தோடு உமிழ்நீரில் நனைந்து கிடப்பதால் அரிப்பும் நேரலாம். இதை ஏற்க வேண்டாம்.

முழுக்க ஜிர்கோனியாவாலான தூணை டைட்டானியத் திருகுக்குள் நேரடியாகச் செருகுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடினமான பொருள் மென்மையானதைத் தேய்ப்பது இயற்கை. காலப்போக்கில் திருகின் வாய் தேயும். இதற்காகவே திருகைத் தொடும் அடிப்பகுதி டைட்டானியமாகவும் ஈறைத் தொடும் மேற்பகுதி ஜிர்கோனியாவாகவும் ஒட்டிச் செய்யும் முறை வந்தது. முன்பல்லுக்கு அதுவே என் முதல் தேர்வு.

கேப்புக்கு எது நல்லது?

இந்தக் கேள்விக்கு இடத்தைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய தசைநார் மெத்தை இருக்கிறது. கடித்தால் பல் சிறிது அமுங்கும், சோற்றில் கல் பட்டால் மூளை உடனே தாடையை நிறுத்தும். இம்ப்ளாண்டுக்கு அந்த மெத்தை இல்லை. ஐந்து மைக்ரோமீட்டருக்குமேல் அமுங்காத அந்தத் தூணின்மேல் இருக்கும் கேப், இயற்கைப் பல்லின் மேலிருக்கும் கேப்பைவிடக் கடுமையான அடியை வாங்குகிறது. அதனால்தான் உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய பழைய வகைக் கேப்பில், அதாவது பி.எஃப்.எம். என்று சொல்கிறார்களே அதில், பீங்கான் சில்லுச் சில்லாகப் பெயர்வது இம்ப்ளாண்டின்மேல் அதிகம் நிகழ்கிறது. பூச்சுப் பீங்கானின் வளைவுவலிமை 100 மெகாபாஸ்கலைச் சுற்றியே நிற்கிறது. லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கானுக்குச் சுமார் 400. நூற்றுக்கு மூன்று பங்கு இட்ரியா சேர்த்த வலிமையான ஜிர்கோனியாவுக்கு ஏறக்குறைய 1000.

கடைவாய்க்கு, மேலே எதுவும் பூசாமல் ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ஜிர்கோனியாக் கேப் இன்று நம்பத்தக்கது. செலவு தாங்காது என்றால் டி.எம்.எல்.எஸ். கேப் தாழ்ந்ததன்று. கோபால்ட்-குரோமியத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி உள்கூட்டைச் செய்து அதன்மேல் பீங்கான் பூசுவதே அது. கையால் வார்ப்பதைவிடப் பொருத்தம் சீராக வருகிறது, பொதுவாக நிக்கலும் இருப்பதில்லை. பீங்கான் பெயரும் வாய்ப்பு மட்டும் உண்டு. தங்கக் கலவைக் கேப்பை இன்று யாரும் கேட்பதில்லை. எதிர்ப்பல்லுக்கு அதைப்போல இதமான பொருள் வேறில்லை என்பதைப் பதிவு செய்துவிட்டுக் கடக்கிறேன்.

முன்பல்லில் வலிமையைவிட ஒளி முக்கியம். இயற்கைப் பல்லுக்குள் வெளிச்சம் சிறிது புகுந்து வெளிவரும். வலிமையான ஜிர்கோனியா சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒளியை மறித்து நிற்கும். இட்ரியாவைக் கூட்டினால் ஒளி ஊடுருவும், ஆனால் மேலே சொன்ன விரிசல் தடுக்கும் குணம் போய் வலிமை ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே ‘ஜிர்கோனியா’ என்று எழுதியிருந்தாலே அது ஒரே பொருள் என்று நினைக்க வேண்டாம்; முன்பல்லுக்கான கட்டியும் கடைவாய்க்கான கட்டியும் வேறு. நிறம் பார்க்கும்போது சிகிச்சை அறை விளக்கை அணைக்கச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்கிறார்களே?

கடினமானது என்பதால் தேய்க்கும் என்பது பாதி உண்மை. பல்லைத் தேய்ப்பது கடினத்தைவிடச் சொரசொரப்பே. கண்ணாடிபோல மெருகேற்றிய ஜிர்கோனியா, பூச்சுப் பீங்கானைவிடக் குறைவாகவே எதிர்ப்பல்லைத் தேய்க்கிறது. ஆபத்து எங்கே என்றால், கேப்பைப் பொருத்தும் நாளில் ‘உயரமாக இருக்கிறது’ என்று சொன்னதும் மருத்துவர் வைரமுனைக் கருவியால் தேய்த்துவிட்டு, மெருகேற்றாமல் அப்படியே அனுப்பிவிடும் இடத்தில்தான். தேய்த்த பிறகு பாலிஷ் செய்துவிட்டீர்களா என்று கேளுங்கள். நாக்கால் தடவினால் உங்களுக்கே தெரியும்.

கேப்பைத் திருகி மாட்டுவது நல்லதா, சிமெண்டால் ஒட்டுவதா?

முடிந்த இடத்திலெல்லாம் திருகுவதே நல்லது. ஒட்டும்போது ஈறுக்கு அடியில் பிதுங்கித் தங்கிவிடும் சிமெண்ட், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ சீழ் பிடித்து எலும்பை அரிக்க ஒரு முக்கியக் காரணம். திருகிய கேப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், ஆணி தளர்ந்தால் இறுக்கலாம், பீங்கான் பெயர்ந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கடிக்கும் பரப்பில் மரையாணிக்கான துளையை அடைத்த சிறு புள்ளி தெரியும் என்பதே அதன் குறை. ஒட்டிய கேப்பைக் கழற்ற வேண்டி வந்தால் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஜிர்கோனியாவுக்கு 10 ஆண்டு, 15 ஆண்டு வாரண்டி அட்டை தருகிறார்கள். அதை நம்பலாமா?

அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பலாம். பெரும்பாலும் அது கேப் உடைந்தால் ஆய்வகம் வேறொன்று செய்து தரும் என்ற உறுதி மட்டுமே. கேப்பைத் தாங்கும் பல் சொத்தையானாலும், ஈறு நோய் வந்தாலும், இம்ப்ளாண்ட் ஆடினாலும் அந்த அட்டைக்கு வேலையில்லை. 15 ஆண்டு அட்டை உள்ள கேப் 5 ஆண்டு அட்டை உள்ளதைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்ற கணக்கும் தவறு.

பல் முழுவதும் போய்விட்டது. பல் செட்டுக்கு எந்தப் பொருள்?

கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வந்தது 1930களின் பிற்பகுதியில். அதற்கு முன் இறுக்கிய ரப்பரில் செய்தார்கள். இன்றும் அக்ரிலிக்கே நடைமுறைக்கு உகந்தது, ஏனென்றால் எலும்பு கரைந்து செட் தளரும்போது அடியில் புதிய அடுக்குப் போட்டு இறுக்கலாம், உடைந்தால் ஒட்டலாம், ஒரு பல் விழுந்தால் அதை மட்டும் வைக்கலாம். தண்ணீரில் போட்டு வைக்காவிட்டால் கோணும், வெந்நீரில் கழுவினாலும் கோணும், பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் வைத்துக் கழுவுங்கள், கைதவறினாலும் உடையாது. மேல் செட்டில் அண்ணத்தை மூடும் பகுதியைக் கோபால்ட்-குரோமியத்தில் செய்தால் மெலிதாக இருக்கும், சூடும் குளிரும் தெரியும், சாப்பாடு ருசிக்கிறது என்று மாட்டியவர்கள் சொல்கிறார்கள். சில பற்கள் மீதி இருப்பவர்களுக்கும் உலோகச் சட்டகமே மீதிப் பற்களுக்கும் ஈறுக்கும் நல்லது.

வளையும் பல் செட் என்று விளம்பரமாகும் நைலான் வகை மாட்ட இதமானது, கம்பி தெரியாது. ஆனால் அதை மெருகேற்றுவதும் அடியில் அடுக்குப் போடுவதும் கடினம். வளைவதால் கடிக்கும் விசை முழுதும் ஈறின்மேல் இறங்குகிறது. திருமணம் வரை, இம்ப்ளாண்ட் ஆறும் வரை என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம்.

கீழ்த்தாடையில் பல் செட் நிற்பதில்லை என்பது வயதானவர்களின் பொதுவான குறை. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்டுகளில் கொக்கி மாட்டி நிற்கும் பல் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தக் கொக்கிக்குள் நைலான் வளையம் ஒன்று இருக்கும். தேய்வது அதுதான், மாற்றுவதற்கு ஐந்து நிமிடமும் சிறு தொகையும் போதும். முதலில் பழுதாவது எளிதில் மாற்றக்கூடிய பாகமாக இருக்க வேண்டும் என்று நான் தொடக்கத்தில் சொன்ன கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

நான்கோ ஆறோ இம்ப்ளாண்ட் வைத்து எல்லாப் பல்லையும் நிலையாகக் கட்டினால்?

அப்போது இரண்டு வழிகள். டைட்டானியச் சட்டத்தின்மேல் அக்ரிலிக் பற்கள் என்பது ஒன்று. முழுதும் ஒரே ஜிர்கோனியா என்பது மற்றொன்று. முதலாவது சில ஆண்டுகளில் தேயும், நிறம் மாறும், எப்போதாவது ஒரு பல் பெயரும். ஆனால் கழற்றி அன்றே சரிசெய்துவிடலாம். இரண்டாவது பளபளப்பு மாறாது, கறை ஏறாது. விரிசல் விட்டால் பழுதுபார்க்க வழியில்லை, பன்னிரண்டு பல்லையும் புதிதாகச் செய்ய வேண்டும். மேல், கீழ் இரண்டிலும் ஜிர்கோனியா வைத்துக்கொண்டவர்கள் கடிக்கும்போது தட்டுத் தட்டென்று ஒலிப்பதைப் பற்றிக் குறை சொல்வதுண்டு. ஒரு தாடையிலாவது அக்ரிலிக் இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

எலும்பு போதவில்லை என்று எலும்புத் தூள் வைக்கிறார்களே, அது எதிலிருந்து வருகிறது?

இதைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். பரவலாகப் பயன்படுவது மாட்டு எலும்பிலிருந்து கரிமப்பொருளை நீக்கி எடுத்த தாது; அதன்மேல் போர்த்தும் சவ்வு பன்றியின் அல்லது மாட்டின் கொலாஜனாக இருக்கலாம். மருத்துவ நோக்கில் இரண்டும் நெடுங்காலம் பயன்பட்டவை. ஆனால் சமய நம்பிக்கையாலோ சைவ உணவுக் கொள்கையாலோ இதை ஏற்க மனமில்லாதவர் நம்மிடையே ஏராளம். சிகிச்சை முடிந்த பிறகு தெரியவந்து மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டிச் சொன்னால் மாற்று உண்டு: உங்கள் தாடையிலிருந்தே எடுக்கும் எலும்பு, மனித தானத்திலிருந்து பெற்றது, கால்சியம் பாஸ்பேட்டிலிருந்து முழுக்கச் செயற்கையாகச் செய்தது. செயற்கைத் தூள்களில் சில வகை எலும்பாக மாறுமுன்பே கரைந்துவிடும் என்பதால், பெரிய குழியாக இருந்தால் கரையும் வகையையும் கரையாத வகையையும் கலந்து வைப்பார்கள்.

நல்ல பொருளாக வாங்கினால் வெற்றிலை, பான் மசாலா, சர்க்கரை நோய் இருந்தாலும் நிற்குமா?

பொருளை மாற்றி இவற்றைச் சரிக்கட்ட முடியாது. புகைபிடிப்பவருக்கும் கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவருக்கும் எந்த உலோகத்திருகும் கூடுதல் ஆபத்தில்தான் இருக்கும். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். வெற்றிலைக் காவி அக்ரிலிக்கில் விரைவில் ஏறும், மெருகேற்றிய ஜிர்கோனியாவில் ஏறினாலும் தேய்த்தால் போகும். பொருளால் கிடைக்கும் நன்மை அவ்வளவே.

மூன்று நாளில் பல் என்ற விளம்பரங்கள்?

அவற்றில் பெரும்பாலானவை ஒரே துண்டாகக் கடைந்த டைட்டானியக் கலவைத் திருகுகள். தாடையின் அடியிலுள்ள கெட்டி எலும்பைப் பிடிக்கும்படி வைக்கப்படுகின்றன. எலும்பு மிகவும் கரைந்தவர்களுக்கு அது ஒரு வழி. ஒரே துண்டாகையால் தூணில் சிக்கல் வந்தால் திருகையே எடுக்க வேண்டும். வைத்தவரைத் தவிர மற்ற மருத்துவர்கள் அதில் கைவைக்கத் தயங்குவார்கள். ஒரு பல், இரு பல் போனவர்களுக்கு அந்த அவசரம் தேவையில்லை.

எந்த நிறுவனத்தின் இம்ப்ளாண்ட் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பொருளின் பெயரைவிட அது முக்கியம். ஒவ்வொரு நிறுவனத்தின் மரையும் உட்குழியும் பெரும்பாலும் வேறு. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேரும் என்று சொல்ல முடியாது. திருகு வந்த டப்பாவில் நிறுவனத்தின் பெயர், வகை, விட்டம், நீளம், தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒன்று உங்கள் கோப்பிலும் ஒன்று உங்கள் கையிலும் இருக்க வேண்டும். பிரித்த டப்பாவை உங்கள் கண்முன் காட்டச் சொல்லலாம். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். திருச்சியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூருக்கோ டொராண்டோவுக்கோ போய்விட்ட பெற்றோர், பன்னிரண்டு ஆண்டு கழித்து மரையாணி ஒன்று தளர்ந்ததும் அங்குள்ள மருத்துவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டி ‘இது எந்த நிறுவனம்?’ என்று விழிப்பதுண்டு. இருக்கும் பல்லில் குறையொன்றும் இராது. ஆணியைத் திருப்பச் சரியான சாவி எதுவென்று தெரியாமல் நல்ல கேப்பை வெட்ட வேண்டி வரும். அந்த ஒட்டுத்தாளைக் கைபேசியில் படமெடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.